ஒன்பதாம் வாய்ப்பாடு

நாலாம் வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையனை எழுப்பி, "நீ சொல்லுய்யா" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவன் எழுந்து நின்றான், வாயைத் திறக்கவில்லை. தெரியாதவன் இல்லை. போன வாரம்தான் எட்டாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பித்தவன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்தவர்களை அதட்டிவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பினேன்.

மதியம் தட்டு கழுவுகிற குழாயடியில் ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் வந்து, "டீச்சர், அவனை எல்லாரும் ஒன்பதுன்னுதான் கூப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது. ஆறு மாதமாக அந்த வகுப்புக்கு நான்தான் டீச்சர்.

திருநங்கைகளை இழித்துப் பேச அந்த எண்ணைச் சொல்வது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ஆனாலும் பள்ளி வளாகத்தில் அந்த எண் வசவாகத்தான் புழங்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் பொருள் தெரிந்து சொன்னார்களா என்றால், பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னால் அவன் முகம் சுருங்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவன் செய்த குற்றம் அஞ்சாங்கல் ஆடியது. அப்பா திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் அம்மா, அப்பத்தா, இரண்டு அக்காக்கள். அப்பத்தாதான் கற்றுக்கொடுத்ததாம். ஒரு கல்லை மேலே போட்டுவிட்டு அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கிற நாலையும் ஒரே வாரலில் அள்ளிப் பிடிப்பான். பெண் பிள்ளைகளில்கூட அவ்வளவு சுத்தமாக ஆடுகிறவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு மைதானத்துக்கு ஓடுவார்கள், இவன் வராந்தாவில் உட்கார்ந்துவிடுவான். ஓடத் தெரியாதவனும் இல்லை. பிடித்தது இது, அவ்வளவுதான்.

அதே பள்ளியில் இதற்கு நேர்மாறாக ஒரு பெண் பிள்ளை இருந்தாள், அவனைவிட ஒரு வகுப்பு மேலே. பம்பர சீசனில் தரையில் விடுவாள், அப்படியே சாட்டையால் தூக்கி உள்ளங்கையில் சுற்ற வைப்பாள். கிரிக்கெட்டில் முதல் ஆளாகப் பந்து போடுவாள். "அவ பையன் மாதிரி டீச்சர்" என்று பையன்களே பெருமையாகச் சொல்வார்கள். நாங்களும் ஸ்டாஃப் ரூமில் அவளைப் பற்றிச் சிரித்தபடிதான் பேசுவோம். அவனைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும்.

இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. எல்லை தாண்டிப்போன பெண்ணுக்குத் தட்டிக்கொடுப்பு, பையனுக்குப் பட்டப்பெயர். பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தபோது, பெவர்லி ஃபேகாட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-லேயே மழலையர் பள்ளிகளில் இதைக் கவனித்து எழுதியிருந்தது தெரிந்தது. பெண்களுக்குரியவை என்று கருதப்பட்ட விளையாட்டுகளை ஆடிய பையன்களுக்குச் சக பிள்ளைகளிடமிருந்து கூடுதல் கண்டனம் கிடைத்தது. மறுபக்கம் போன பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவு இல்லை. மூன்று, நான்கு வயதிலேயே. நம் வராந்தாவுக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவோ தூரம். ஆனால் இதில் ஒன்றுதான்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளே வகுப்பில் நின்று அரை மணி நேரம் பேசினேன். யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, ஆண் பெண் எல்லாரும் சமம், இனிமேல் அந்த வார்த்தை என் காதில் விழுந்தால் தொலைந்தது என்று. அவன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். வார்த்தை என் காதில் விழுவது நின்றது. கழிப்பறைப் பக்கமும் வீட்டுக்குப் போகிற வழியிலும் இரண்டு மடங்கானது. "டீச்சர் செல்லம்" என்று இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. அவன் காயத்தை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டி மருந்து போட்டிருக்கிறேன். அன்று கிண்டல் செய்த இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவன் பெயரை எடுக்காமல், "நேத்து குழாயடியில நீ சொன்னது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கழிப்பறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அவன் எப்போதும் வகுப்பு நடக்கும்போதுதான் ஒன்றுக்குப் போகக் கேட்பான். "இப்பத்தானே ரீசஸ் விட்டோம், அப்ப என்ன பண்ணின?" என்று பல தடவை உட்கார வைத்திருக்கிறேன். இடைவேளையில் பையன்கள் கழிப்பறைக்குள் அவன் போனாலே கதவைத் தட்டுவார்களாம், எட்டிப் பார்ப்பார்களாம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு ஒரு பிள்ளை பாடவேளையில் மட்டும் கேட்டால் நான் மறுப்பதில்லை. இரண்டு நாள் தொடர்ந்தால் இடைவேளையில் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். வீட்டில் இருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்: பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிற பிள்ளை, முழு வாட்டர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிற பிள்ளை.

சரி, பிள்ளைகளைத் திட்டியாயிற்று. என் பங்கு?

அப்போதெல்லாம் நான் கொடுக்கிற தண்டனைகளில் ரொம்பப் பலிப்பது, பேசிக்கொண்டே இருக்கிற பையனைப் பெண் பிள்ளைகள் நடுவே உட்கார வைப்பது. அடிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கூனிக்குறுகிப்போவான். என்னைப் படிக்க வைத்தவர்கள் செய்ததை நானும் செய்தேன். ஒருநாள் அப்படி ஒருவனை உட்கார வைத்தபோது, பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள்: "எங்ககூட உக்கார்றது தண்டனையா டீச்சர்?" கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான். நான் பதில் சொல்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் என்னையே கவனித்தேன். வருகைப் பதிவேட்டில் முதலில் பையன்கள் பெயர், அப்புறம் பெண்கள் பெயர். காலை வழிபாட்டில் இரண்டு வரிசை. உட்காருவது இரண்டு பக்கம். வினாடி வினா என்றால் பாய்ஸ் ஒரு டீம், கேர்ள்ஸ் ஒரு டீம். ஜெயித்த பக்கம் "ஓஓஓ" என்று கத்தும், நானும் சேர்ந்து கை தட்டுவேன். பீரோவிலிருந்து விளையாட்டுச் சாமான் எடுத்தால் பந்து பையன்களுக்கு, ஸ்கிப்பிங் கயிறும் வளையமும் பெண்களுக்கு. பெஞ்ச் தூக்க, மோட்டார் போட "ரெண்டு பசங்க வாங்கடா". கூட்ட, கோலம் போட "ரெண்டு பொண்ணுங்க வாங்கம்மா". ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நான் கோடு கிழித்திருக்கிறேன். பிறகு, கோட்டைத் தாண்டினவனைப் பிள்ளைகள் ஏன் கேலி செய்கிறார்கள் என்று அவர்களுக்கே பாடம் நடத்தியிருக்கிறேன்.

கோடு நான் இல்லாமலும் விழும், அதையும் சொல்ல வேண்டும். எலினோர் மெக்காபியும் கேரல் ஜாக்லினும் அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் எழுதினார்கள். நாலரை வயதில் பிள்ளைகள் எதிர்ப்பாலாரோடு விளையாடுவதைப்போல மூன்று மடங்கு நேரம் தங்கள் பாலாரோடு விளையாடினார்கள். ஆறரை வயதில் அது பதினொரு மடங்கு. பிள்ளைகள் தாமாகவே பிரிகிறார்கள். அதை முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பெரியவர்கள் அதன்மேல் எண்ணெய் ஊற்றுவது வேறு விஷயம். 2010-ல் லேசி ஹில்லியார்டும் லின் லிபனும் ஒரு சோதனை செய்தார்கள். சில மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் பையன்கள், பெண்கள் என்று பிரித்துக் கூப்பிட்டார்கள், வரிசையில் நிற்க வைத்தார்கள். போட்டி எதுவும் வைக்கவில்லை, யாரையும் தாழ்த்தியும் பேசவில்லை. இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளைகளிடம் 'இது பையன் வேலை, இது பெண் வேலை' என்ற எண்ணம் கூடியது. மற்ற பாலாரோடு விளையாடுவது குறைந்தது. நான் செய்ததோ இரண்டு வாரக் கணக்கா? பதினான்கு வருடம்.

பொங்கலுக்கு வந்திருந்த அவன் அப்பா என்னைப் பார்க்க வந்தார். நின்றுகொண்டே பேசினார். "டீச்சர், இவனைக் கொஞ்சம் ஆம்பளப் புள்ளையா மாத்தி விடுங்க. பொம்பளைங்களோடவே கெடக்கான். ஊர்ல ஒரு மாதிரிப் பேசுறாங்க. நாளைக்கு அப்படி இப்படி ஆயிட்டான்னா…" முடிக்கவில்லை.

"உக்காருங்கண்ணே" என்றேன். "அஞ்சாங்கல் ஆடி யாரும் எதுவும் ஆயிட மாட்டாங்க. அப்படியே ஒரு புள்ளையா இருந்தாலும் உங்க புள்ளைதானே?"

அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. பேச்சை மாற்றி, திருப்பூரில் லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தூங்குவேன், சமைப்பேன் என்றார். ரூமில் ஆறு ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இவர் வைப்பதுதானாம். "அதைப் புள்ளைகிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது மகனை உட்கார வைத்து வெங்காயம் உரித்தாரா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் "மாத்தி விடுங்க" என்று மறுபடி கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் நிலைமை இன்னும் மோசமானது, நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. அதுவரை அவனைச் சேர்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளே விலக்க ஆரம்பித்தார்கள். "நீ பையன்தானே, அங்க போ." வீட்டில் அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். ஃப்ளேம்ஸ் போடுகிற வயதும் வந்துவிட்டது. ஒரு பையன் பெயரையும் பெண் பெயரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எழுத்தை அடித்து அடித்துக் கடைசியில் 'லவ்' என்று வந்தால் அந்தப் பிள்ளை அழும். அவன் பெயரோடு எழுதினால் எழுதியவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு பேர் கா விட்டுவிட்டார்கள், பழம் விடவே இல்லை. மைதானத்தில் ஒரு வட்டம், வராந்தாவில் ஒரு வட்டம். இவன் வேப்பமரத்தடியில் தனியாக ஐந்து கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போட்டு, பிடித்து, போட்டு, பிடித்து.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல்தான்.

காலாண்டு விடுமுறை முடிந்து வேறு ஊரிலிருந்து ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். இடம் இல்லாததால் இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டாம் நாள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "டீச்சர், அவனை இந்தப் பக்கம் மாத்தி விடுங்க, பாவம்" என்றார்கள். மாற்றவில்லை. அந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். மழைக்காலம். புதியவன் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்தான். அது கொடுக்காப்புளி இலை தின்னும், முட்டை போடும் என்று ஓயாமல் பேசுவான். கொடுக்காப்புளி மரம் எங்கே நிற்கிறது என்று இவனுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் இரண்டு பேரிடமும் தீப்பெட்டி இருந்தது. அதற்கடுத்த வாரம் இடைவேளையில் அந்த பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள், இரட்டைச் சடைகளும் சேர்த்து. பொன்வண்டு ஆண் விளையாட்டா பெண் விளையாட்டா என்று யாரும் முடிவு கட்டி வைத்திருக்கவில்லை.

பட்டப்பெயர் போகவில்லை. ஆனால் சொன்னால் பக்கத்தில் ஒருவன் நிமிர்ந்து பார்ப்பான். அடிதடி ஒன்றும் இல்லை. "வாடா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். பத்து நண்பர்கள் தேவையில்லை. ஒருவன் வாய்த்ததே அந்தப் பிள்ளையை நிமிர வைத்தது. பெற்றோர்களுக்கு இதைத்தான் இப்போது சொல்கிறேன். "யாருடா உன்னைக் கிண்டல் பண்ணினா?" என்று தினமும் விசாரிக்காதீர்கள். "இன்னைக்கு யாரோட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு பெயரும் வராத நாட்கள் தொடர்ந்தால் டீச்சரிடம் வந்து பேசுங்கள். "நீயும் திருப்பி அடிடா, ஆம்பளைதானே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடிக்க முடியாமல் திரும்பி வரும் பிள்ளை இரண்டு இடத்தில் தோற்கிறது. கிண்டல் அடியாகிவிட்டால், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதால், தாமதிக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லியும் அசையவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

வகுப்பில் நான் மாற்றியவை ரொம்பச் சின்னவை. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் ஒன்றாகக் கலந்து ஒரு நோட்டில் எழுதி வைத்து அதைப் பார்த்துக் கூப்பிட்டேன். டீம் பிரிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணச் சொன்னேன். வந்த எண்தான் குழு. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பொறுத்துப் பிள்ளைகள் உட்காருகிறார்கள், அது எனக்குப் பெரிய உதவி. பெருக்குவதும் பெஞ்ச் தூக்குவதும் குழு முறை. விளையாட்டில்தான் நிறையத் தடுமாறினேன். கிரிக்கெட்டில் பெண்களைச் சேருங்கள் என்றால் சேர்ப்பார்கள். பந்து கிடைக்காத மூலையில் நிறுத்திவிடுவார்கள். பையன்களைப் பாண்டி ஆடச் சொன்னால் கேலிக்கூத்தாக்குவார்கள். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டங்களில் ஆரம்பித்தேன். கல்லா மண்ணா, கண்ணாமூச்சி, கொலை கொலையா முந்திரிக்கா. வட்டமாக உட்கார்ந்து, துணி யார் முதுகுக்குப் பின்னால் விழும் என்று காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பது யார் என்பது மறந்துபோகிறது. துணியை எடுத்துக்கொண்டு ஓடும்போது ஒன்பதும் கிடையாது, பத்தும் கிடையாது.

ஒரு வருடம் இது நன்றாக நடந்தது. "பிள்ளைங்க மாறிட்டாங்க" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். மறு வருடம் பதிவேடு பழையபடி, வரிசை பழையபடி. அரையாண்டுக்குள் மைதானமும் பழையபடி ஆகிவிட்டது. லிசா செர்பின் என்பவரும் கூட்டாளிகளும் 1977-ல் இதையே கண்டிருக்கிறார்கள். பையனும் பெண்ணும் சேர்ந்து விளையாடும்போது ஆசிரியர் பாராட்டினால் அப்படி விளையாடுவது கூடியது; பாராட்டை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பியது. அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிட ஆறுதல்தான் அதிகம். என் குறை மட்டும் இல்லை போலிருக்கிறது. குடிதண்ணீர்த் தொட்டி கழுவுகிற மாதிரி இது. ஒரு தடவை கழுவிவிட்டோமே என்று விட முடியாது.

இன்னும் வாய் தவறுகிறது. போன வாரம்கூட ஒரு குட்டிப் பையன் விழுந்து அழுதபோது, "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு மீதியைக் கேட்க என்னையே பார்த்தான்.

பம்பரக்காரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாகாது. அவளுக்குச் செலவே இல்லை என்று நினைத்திருந்தேன். பெண் பிள்ளைகள் பலர் அவளைக் கூட்டத்தில் சேர்க்கவில்லை என்பதை நான் கண்டுகொண்டதே இல்லை; "அவளுக்கென்ன, பையன்களோட போய்டுவா" என்று விட்டுவிட்டேன். பையன்களோடும் ஒரு நிபந்தனையில்தான் இருந்திருக்கிறாள். கீழே விழுந்து முட்டி கிழிந்து கண் கலங்கியபோது, "ஏய், பொண்ணு மாதிரி அழுவுறா பாரு" என்றார்கள். ஏழாம் வகுப்பில் பெரிய பெண்ணானாள். சடங்கு முடிந்து பள்ளிக்கு வந்தவள் மைதானத்துப் பக்கம் போகவில்லை. வீட்டில் சொல்லிவிட்டார்கள். பையன்களும் கூப்பிடவில்லை, அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். இத்தனை வருடம் ஒதுங்கியிருந்த பெண் பிள்ளைகள் கூட்டத்தில் திடீரென்று போய் உட்கார இடமும் இல்லை. அவனுக்குப் பொன்வண்டோடு ஒருவன் வந்தான். இவளுக்கு யாரையாவது தேடிக் கொடுத்திருக்க வேண்டியது நான். மற்ற பெண் பிள்ளைகளுக்குப் பந்து போடக் கற்றுக்கொடு என்று ஐந்தாம் வகுப்பிலேயே அவளிடம் ஒரு டீமை ஒப்படைத்திருந்தால், ஏழில் அவள் தனி ஆளாக இருந்திருக்க மாட்டாள். அதை அடுத்த செட் பிள்ளைகளிடம் செய்தேன். இப்போது எங்கள் ஆறாம் வகுப்பில் பெண்கள் மட்டும் ஏழு பேர் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒருத்தி போனால் ஆறு பேர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்.

அவள் பிறகு பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள்.

"இப்பவும் பந்து போடுறியாம்மா?"

"இல்ல டீச்சர். தம்பிக்குக் கத்துக் கொடுக்கிறேன், வீட்டுக்குள்ளதான்" என்றாள். பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வலது கையை லேசாகச் சுழற்றிக் காட்டிச் சிரித்தாள்.